மவுஸ் கிடைக்காத பிள்ளைக்கு என்ன வேலை?

"ஒண்ணாங்கிளாஸ் பையனுக்குப் படிப்பும் வர்ற மாதிரி நல்ல கேம் ஒண்ணு சொல்லுங்களேன்" என்று யாராவது ஒருத்தர் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்குக் கணினி விளையாட்டு செய்கிற ஆள் என்று ஆலங்குடிப் பக்கம் என் பெயர் அடிபட்டுவிட்டது. சம்பளத்துக்குப் பார்க்கும் வேலை வேறு. இது ஆசைக்குச் செய்வது. சாயங்காலம் ஊர்ப் படிப்பகத்தில் கூடும் பிள்ளைகள்தான் எனக்குச் சோதனைக்கூடம், சென்சார் போர்டு எல்லாம். கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பையன் தனியா விளையாடுவானா, கூட யாராவது இருப்பாங்களா?" பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். "தனியாத்தாங்க. அதுக்குத்தானே போனைக் கையில கொடுக்கறோம்."

ஒளிவுமறைவில்லாத பதில். அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் சந்தையில் கிடைக்கும் கல்வி விளையாட்டு அத்தனையும் இந்தப் பதிலை வைத்துத்தான் கட்டப்பட்டிருக்கிறது: ஒரு பிள்ளை, ஒரு திரை, ஒரு விரல். எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு அரசு தொடக்கப்பள்ளிக்குள்ளோ படிப்பகத்துக்குள்ளோ நுழைந்து பாருங்கள். ஒரு பிள்ளை ஒரு திரை என்கிற காட்சியே கிடையாது. ஒரு திரை, அதைச் சுற்றி நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் பெஞ்சில் ஏறி நின்று எட்டிப் பார்க்க இன்னும் ரெண்டு பேர். விளையாட்டைச் செய்தவர்கள் யாரும் இவர்களை மனதில் வைத்துச் செய்யவில்லை.

அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். மவுஸ் ஒருத்தன் கையில். பெரும்பாலும் பையன், பெரும்பாலும் வகுப்பில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன், அல்லது வீட்டில் லேப்டாப் பார்த்தவன். அவனுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருப்பவன் சமயம் பார்த்து மவுஸைப் பிடுங்கலாம், அதனால் இவன் முழங்கையை வேலி மாதிரி நீட்டி வைத்திருப்பான். இடது பக்கம் இருப்பவள் திரையை விரலால் தொட்டு "இது, இது, இதை அமுக்கு" என்பாள். நாலாவது பிள்ளை முதல் ரெண்டு நிமிடம் திரையைப் பார்க்கும். அப்புறம் மின்விசிறி, ஜன்னல், தன் சட்டைப் பொத்தான் என்று கண் ஓடிவிடும். விளையாட்டு முடிந்ததும் கணினி "அருமை!" என்று கைதட்டும். அந்தக் கைதட்டல் யாருக்கு?

நான் விளையாட்டு செய்ய உட்காரும்போது அந்த நாலாவது பிள்ளையைத்தான் முன்னால் வைத்துக்கொள்கிறேன். மவுஸ் வைத்திருப்பவனைப் பற்றிக் கவலையே வேண்டாம், அவன் எப்படியும் விளையாடுவான்.

இதை ஆராய்ச்சியாகவே செய்தவர்கள் இருக்கிறார்கள். 2006 வாக்கில் பெங்களூரு மைக்ரோசாப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் உதய் சிங் பவார், ஜோயோஜித் பால், கென்டாரோ டோயாமா ஆகியோர் கிராமப்புறப் பள்ளிகளில் இதே காட்சியைப் பார்த்துவிட்டு, ஒரே கணினியில் பல மவுஸ் மாட்டினால் என்ன என்று யோசித்தார்கள். சாதாரணமாக ரெண்டு மவுஸ் மாட்டினால் ரெண்டு கைக்கும் ஒரே அம்புதான் இழுபடும். நீங்களே மாட்டிப் பாருங்கள், சண்டைதான் வரும். அவர்கள் மென்பொருளை மாற்றி ஒவ்வொரு மவுஸுக்கும் தனி நிறத்தில் ஒரு அம்பு கொடுத்தார்கள். ஒரே திரையில் பல அம்புகள். அதற்கு மல்டிபாயின்ட் என்று பெயர்.

எனக்குப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். ஆங்கிலச் சொற்களைப் படத்தோடு பொருத்தும் விளையாட்டை அவர்கள் ரெண்டு விதமாக வைத்துப் பார்த்தார்கள். ஒன்று பந்தய முறை: யார் முதலில் சரியான படத்தை அழுத்துவது என்பதுதான் போட்டி. இன்னொன்று ஓட்டு முறை: எல்லோரும் ஒரே படத்தை அழுத்தினால்தான் அடுத்த கேள்விக்கே போக முடியும். பந்தய முறையில் பையன்கள் கேள்வியைப் படிக்காமலே கண்டபடி அழுத்தித் தள்ளினார்கள், கற்றதும் குறைந்தது. ஓட்டு முறையில் ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்லி, சம்மதிக்க வைத்து, அப்புறம் அழுத்தினார்கள். கணினி அதே, பாடம் அதே. விதி ஒன்று மாறியது, பேச்சு வந்துவிட்டது.

நம்மூர் வீட்டுக்கு நாலு மவுஸ் எங்கே போவது? போக வேண்டியதில்லை. விதிதான் முக்கியம் என்று புரிந்துவிட்டால் ஒரு மவுஸே போதும்.

விதியைப் பற்றிப் பேசினால் தெருவில் ஆடும் விளையாட்டை விட்டுவிட்டுப் பேச முடியாது. மாத்யூ காம் என்பவரின் குழு இந்தியக் கிராமப் பிள்ளைகளுக்குக் கைபேசி வழி ஆங்கிலம் கற்பிக்க மில்லி என்ற திட்டத்தில் விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தது. மேல்நாட்டு வீடியோ கேம் பாணியில் செய்தது நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை என்று கண்டதும், அவர்கள் நம் கிராமத்து விளையாட்டுகளையே உட்கார்ந்து ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து நம் பிள்ளைகள் ஓடிப் பிடிப்பதைக் குறிப்பெடுத்திருக்கிறார்கள்.  

நானும் பார்க்க ஆரம்பித்தேன். சொட்டாங்கல் ஆடும் இடத்தில் ஆடுவது ஒரு பிள்ளைதான். ஆனால் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஓய்வே கிடையாது. கல் பக்கத்துக் கல்லில் பட்டதா என்று பார்க்க வேண்டும், பட்டால் "அவுட்டு" என்று கத்த வேண்டும், பழம் எண்ண வேண்டும். பல்லாங்குழியில் எதிராளி ஒவ்வொரு குழிக்கும் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வருவாள், இல்லாவிட்டால் ஒரு முத்து அதிகமாகப் போய்விடும். தாயத்தில் காயை நகர்த்துவது ஒருத்தர், எங்கே நகர்த்துவது என்று முடிவு செய்வது அந்தத் திண்ணையே. ஆடாத ஆளுக்கு நடுவர் வேலை, கணக்கு வேலை, கள்ளாட்டம் பிடிக்கிற வேலை. காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று ஆகாது. கணினி விளையாட்டில் இந்த மூன்று வேலையையும் கணினியே எடுத்துக்கொண்டுவிட்டது. பிள்ளைக்கு மிச்சம் வைத்தது அழுத்துகிற வேலை.

இதை வைத்து நான் செய்ததில் இன்றுவரை பிள்ளைகள் கேட்டு வாங்கி ஆடுவது "கூறு" என்ற விளையாட்டு. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் எல்லாமே பூவும் பழமும் தேங்காயும். சந்தைக்குப் போகாத பிள்ளை கிடையாது. தரையில் சாக்கை விரித்து எலுமிச்சையைக் கூறு கட்டி வைத்திருப்பதைப் பார்க்காத கண்ணும் கிடையாது. திரையில் அந்தச் சாக்குதான். ஓரமாக ஒரு குவியல் எலுமிச்சை. எழுத்து எதுவும் இல்லை, எண்ணும் இல்லை.

நாலு பேருக்கு நாலு வேலை. மவுஸ் வைத்திருப்பவர் கடைக்காரர். அடுத்தவர் வாங்க வந்தவர், கூறுக்கு எத்தனை பழம் வேண்டும் என்று அவர்தான் சொல்வார். மூன்றாவது ஆள் சிலேட்டோடு கணக்குப்பிள்ளை: கூறு கட்டி முடிப்பதற்கு முன்னாலேயே எத்தனை கூறு வரும், எத்தனை மிஞ்சும் என்று எழுதிக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். நாலாவது ஆள் நாட்டாமை. கட்டி முடித்ததும் அவர் "விரி" என்பார். கடைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு கூறும் பிரிந்து, பழங்கள் கோடு போட்ட மாதிரி பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக நிற்கும். ஒரு வரிசை நீளம், ஒரு வரிசை குட்டை என்றால் கண்ணுக்கே தெரியும். சரி, தப்பு என்று கணினி ஒரு வார்த்தை சொல்லாது. தீர்ப்பு நாட்டாமையுடையது. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒரு இடம் நகர்ந்து உட்கார வேண்டும், மவுஸ் தானாக அடுத்தவர் கைக்குப் போய்விடும். பிடுங்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒருநாள் இருபத்து மூன்று பழம் வந்தது. வாங்க வந்தவள் "கூறுக்கு நாலு" என்றாள். ஐந்து கூறு ஆயிற்று, சாக்கில் மூன்று பழம் மிச்சம்.

"அண்ணே, இதை என்ன பண்றது?" என்று கடைக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாங்க வந்தவள் முந்திக்கொண்டாள். "கொசுறு போடுடா. எங்க அப்பாயி எப்பவும் கேட்டு வாங்கும்."

"மூணுமா? கட்டுப்படியாகாது."

"அப்ப ஒண்ணு போடு."

"ஒண்ணு போட்டா ரெண்டு மிச்சம்" என்றது கணக்குப்பிள்ளை. அது சிலேட்டில் மூன்று என்று எழுதியிருந்தது. எழுதினது எழுதினதுதான், மாற்றக் கூடாது என்று நாட்டாமை சொல்ல, இல்லை கொசுறு போனது போக மிச்சத்தைத்தான் எழுதணும் என்று கணக்குப்பிள்ளை சொல்ல, வகுத்தல் மீதியைப் பற்றி இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாளே திரையில் ஒரு சின்னப் பை வரைந்து சேர்த்துவிட்டேன். அதில் போட்டால் கொசுறு. பையில் போட்ட பழம் கணக்கில் சேருமா என்பதை விளையாட்டில் நான் எங்கும் தீர்மானிக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன்.

இந்தச் சரி, தப்பு விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கல்வி விளையாட்டு என்றாலே சரியாகச் செய்தால் நட்சத்திரம், தப்பாகச் செய்தால் ஒரு "டொய்ங்". அந்த டொய்ங் சத்தம் பிள்ளைகளுக்கு எவ்வளவு இஷ்டம் என்று செய்பவர்களுக்குத் தெரியாது போல. தப்புக்கு வரும் சத்தமோ படமோ சரிக்கு வருவதைவிட வேடிக்கையாக இருந்துவிட்டால் தீர்ந்தது கதை. அதைக் கேட்பதற்காகவே தப்பு தப்பாக அழுத்தும். இன்னொரு வகைப் பிள்ளை உண்டு. ஒரே ஒரு டொய்ங் கேட்டதும் மவுஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்ளும், அப்புறம் அன்றைக்கு முழுக்கத் தொடாது. ரெண்டு பேருக்குமே அந்தச் சத்தம் பாடம் எதையும் சொல்லவில்லை. வரிசை நீளமாக நிற்பதைப் பார்க்கிற பிள்ளைக்கு எங்கே பிசகிற்று என்பதும் சேர்த்துத் தெரிகிறது. கை தானாக அந்தப் பழத்தை எடுக்கப் போகும்.

நேரக் கணக்கும் அப்படித்தான். மேலே ஒரு பட்டை குறைந்துகொண்டே வரும், நெஞ்சு படபடக்கும். ஆறு வயதில் எதற்கு அது? எடுத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் நானே செய்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நல்லதாக ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொள்வதுதான் பாதி வேலை. ஜிகாம்ப்ரி என்று ஒரு கட்டற்ற மென்பொருள். பிரான்ஸைச் சேர்ந்த புருனோ கூதுவான் 2000-இல் தொடங்கியது, இப்போது கேடிஇ குழுவின் குடையில் உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். 2 வயதிலிருந்து 10 வயது வரைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட செயல்பாடுகள். காசு இல்லை, விளம்பரம் இல்லை, ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமும் வேண்டாம். பக்கத்து மாநிலமான கேரளத்தில் தொடக்க வகுப்புகளுக்குக் "களிப்பெட்டி" என்று கணினிப் பாடப்புத்தகமே போட்டு, பள்ளிக் கணினிகளில் இந்த மாதிரிக் கட்டற்ற மென்பொருள்களைத்தான் ஓட்டுகிறார்கள்.

ஜிகாம்ப்ரியில் நான் பாடம் படித்தது அதன் மவுஸ் பயிற்சியில். முதல் செயல்பாட்டில் அழுத்தவே வேண்டாம். ஒரு படத்தின் மேல் கட்டம் கட்டமாக மூடியிருக்கும், மவுஸை மேலே கொண்டுபோனாலே கட்டம் அழியும், அடியில் மிருகப் படம் தெரியும். அடுத்ததில் ஒருமுறை அழுத்தினால்தான் அழியும். அதற்கடுத்துதான் இருமுறை. பெரியவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. ஐந்து வயதுக் கையைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். உள்ளங்கை மவுஸைவிடச் சின்னது. அழுத்தும்போது மவுஸே அரை இஞ்ச் நகர்ந்துவிடும், அம்பு பக்கத்துப் படத்தில் போய் நிற்கும், பிள்ளைக்கு விடை தெரிந்தும் தப்பாகிவிடும். பிடித்து இழுத்துக்கொண்டுபோய் விடுவது அதைவிடக் கஷ்டம், பாதி வழியில் விரல் தளர்ந்து கை நழுவும். அதனால் என் விளையாட்டில் இழுப்பதே கிடையாது. பழத்தைத் தொட்டால் அது லேசாக ஆடும், இடத்தைத் தொட்டால் அங்கே போய் உட்காரும். தொடும் இடமெல்லாம் பெரிசு. வலது பொத்தானும் இடது பொத்தானும் ஒரே வேலை செய்யும்.

டக்ஸ் பெயின்ட் இன்னொன்று. பில் கென்ட்ரிக் 2002-இல் செய்தது. அதில் வரைந்த படத்தைச் சேமிக்கும்போது பெயர் கேட்காது. பெயர் எழுதத் தெரியாத பிள்ளையிடம் கோப்புக்குப் பெயர் கேட்பானேன்? குட்டிப் படங்களாக வரிசையாகக் காட்டும், தன் படத்தைப் பிள்ளை பார்த்து எடுத்துக்கொள்ளும். நிறைய பேர் இதைக் கவனிக்க மாட்டார்கள். நான் அந்தத் தீர்மானத்தை எடுத்தவருக்கு ஒரு கும்பிடு போடுவேன். 2014-இல் வந்த ஸ்கிராட்ச் ஜூனியரும் இதே வழிதான்: 5 முதல் 7 வயதுக்கு, கட்டளைகள் எல்லாம் படக் கட்டைகள், படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

எழுத்து என்று வந்தால்தான் நமக்குத் தனித் தலைவலி. ஆங்கிலத்துக்குச் செய்த எழுத்து விளையாட்டில் தமிழை அப்படியே கொட்டினால் என்ன ஆகும் தெரியுமா? "கோழி" என்று எழுதி எத்தனை எழுத்து என்று எந்தப் பிள்ளையையும் கேளுங்கள், ரெண்டு என்று சொல்லும். யூனிகோடு முறையில் கணினிக்குள் அது நாலு துண்டு: க, அதன் ஓகாரக் குறி, ழ, அதன் இகரக் குறி. "பட்டம்" நமக்கு நாலு எழுத்து, கணினிக்குப் புள்ளிகளையும் சேர்த்து ஆறு. எழுத்தைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் கோழிக்கு நாலு கட்டம் போட்டுக் காட்டும். வானத்திலிருந்து எழுத்து விழும் விளையாட்டில், க தனியாக விழும், அதன் பின்னால் ஒரு கொம்பும் காலும் நடுவில் புள்ளி வட்டத்தோடு அனாதையாக வந்து விழும். அதைப் பார்த்துப் பிள்ளை "இது என்ன எழுத்துண்ணே?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

இதற்கு மருந்து இருக்கிறது. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ஓப்பன் தமிழ் என்று ஒரு பைத்தான் நூலகம் வைத்திருக்கிறார்கள். சொல்லைக் கொடுத்தால் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துக் கொடுக்கும். கோ, ழி. அவ்வளவுதான். அதைக் கூப்பிடும் ஒரு வரியைச் சேர்க்காமல் விட்டுவிட்டு "தமிழிலும் கிடைக்கிறது" என்று போட்டுக்கொள்ளும் ஆப்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

எந்த எழுத்திலிருந்து தொடங்குவது என்பதற்கும் நம்மிடம் ஒரு வழி இருக்கிறது. ஆப்கள் எல்லாம் அ-வில் தொடங்கி அம்மா, ஆடு, இலை என்று போகும். ஐந்து வயதுக் கை அ-வைச் சுழித்து எழுத என்ன பாடுபடும்! நம் ஒன்றாம் வகுப்புப் பாடநூல்கள் பல காலம் ட, ப, ம என்று கோடு கோடாக வரும் எழுத்துகளில் தொடங்கின. ரெண்டு மூன்று எழுத்து வந்ததுமே படம், மடம் என்று படிக்க ஒரு சொல் கிடைத்துவிடும். வயது வந்தோருக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கத்தின் பாடப்புத்தகம் "பட்டா", "படி" என்று ஆரம்பித்ததும் அதே எழுத்துகளை வைத்துத்தான், ஆனால் சொல் பெரியவர்களின் வாழ்க்கையிலிருந்து. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அறிவொளியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது ஊருக்கு ஊர் சாயங்கால வகுப்பு, கூடவே பெண்களுக்குச் சைக்கிள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாகப் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். ஆளுக்கு ஒரு சைக்கிளா இருந்தது? இருந்ததைத்தான் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ஒருத்தி மிதிப்பாள், ஒருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவாள். ஓடுகிறவளுக்கும் அன்றைக்குப் பாதி சைக்கிள் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

குரல் விஷயம் சின்னதாக. படிக்கத் தெரியாத பிள்ளைக்கு விளையாட்டில் எல்லாமே காதில்தான். கணினி பேசும் இயந்திரத் தமிழ் எனக்கு ஒத்துவரவில்லை. ஊரிலேயே ஒரு அக்காவைப் பேசவைத்துப் பதிவு செய்தேன், ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, போர்வையைத் தொங்கவிட்டு. ஆனாலும் நம் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் வரும். கோழியும் கோளிதான், வாழையும் வாளைதான். "காதில் கேட்டு ழ எது ள எது சொல்" என்று கேட்டால் காலம் முழுக்கக் கேட்காத வித்தியாசத்தைப் பிள்ளை எங்கிருந்து கொண்டுவரும்? அந்தக் கேள்வியை முதல் ரெண்டு வகுப்புக்கு வைக்கவே கூடாது என்பது என் கட்சி. தமிழாசிரிய நண்பர் ஒருவர் இதற்காக என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

இப்போது பள்ளிக்கூடத்துப் பக்கம். நாலு பேர் சேர்ந்து கற்பது, நிலை நிலையாக ஏறுவது, அவரவர் வேகத்தில் போவது என்றெல்லாம் ஏதோ கேம் கம்பெனிகள் கண்டுபிடித்த மாதிரிப் பேசுகிறார்கள். செயல்வழிக் கற்றல் அட்டைகளை மறந்துவிட்டோமா? 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம். பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது தொடங்கி, 2007-08-இல் தமிழகம் முழுக்க வந்தது. ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான முறையிலிருந்து எடுத்தது. சுவரில் ஏணி வரைபடம், ஒவ்வொரு படியிலும் யானை, பூ, வண்டி என்று ஒரு சின்னம். பிள்ளை தன் படி எது என்று பார்த்து, அந்தச் சின்னம் உள்ள அட்டையைத் தானே போய் எடுத்து, எந்தக் குழுவோ அந்தப் பாயில் உட்காரும். ஆசிரியரோடு சேர்ந்து செய்யும் குழு ஒன்று, கூடப் படிக்கும் பிள்ளை உதவும் குழு ஒன்று, தானாகச் செய்யும் குழு ஒன்று. தரையை ஒட்டிய கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு. ஒரு கேமுக்கு வேண்டிய எல்லாமே இருந்தது. மின்சாரம் மட்டும் வேண்டாம். அட்டை கிழிந்தது, தொலைந்தது, ஆசிரியர்களுக்குப் பதிவேடு எழுதியே கை ஓய்ந்தது என்ற குறைகளும் உண்மைதான். 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பாட்டு, அட்டை, செயல்பாடு என்றுதான் போகிறது.

என் விளையாட்டு எதையும் நான் முதலில் கணினியில் செய்வதில்லை. அட்டையில் வெட்டி, புளியங்கொட்டையை வைத்துத் தரையில்தான் முதல் ஆட்டம். தரையில் நாலு பேருக்கும் வேலை இருக்கிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தரையிலேயே அலுத்துப்போகும் ஆட்டத்தைக் கணினியில் ஏற்றினால் வண்ணமும் சத்தமும் சேர்ந்து ரெண்டு நாள் தாங்கும், அவ்வளவுதான். தரையிலேயே அருமையாக ஓடுகிறது, கணினியால் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் அங்கேயே விட்டுவிடுவேன். கூறு விளையாட்டில் கணினிக்கு இருக்கும் வேலை ரெண்டு: ஒவ்வொரு தடவையும் வேறு எண்ணிக்கை கொடுப்பது, "விரி" என்றதும் கோடு பிசகாமல் அடுக்கிக் காட்டுவது. அந்த ரெண்டும் புளியங்கொட்டையில் நேராது.

போனில் கிடைக்கும் இலவச ஆப்களைப் பற்றி ஒரு வார்த்தை. இலவசம் என்றால் நடுவில் விளம்பரம். அதை மூடும் பெருக்கல் குறி எள்ளு சைஸில் மூலையில் இருக்கும். பெரியவர்கள் விரலுக்கே அகப்படாதது ஆறு வயது விரலுக்கா அகப்படும்? அது எங்கேயோ அழுத்தி, சீட்டாட்ட ஆப் இறங்கி, அப்பா டேட்டா தீர்ந்து, கடைசியில் அடி வாங்குவது பிள்ளை. சின்னப் பிள்ளைகளுக்கான விளையாட்டில் விளையாட்டை விட்டு வெளியே போகும் கதவு எதுவும் பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது. இது சட்டமாகவே வரலாம். எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு: 2 முதல் 4 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. என் விளையாட்டு எல்லாம் எல்லோரும் ஒரு சுற்று நகர்ந்து உட்கார்ந்ததும் சாக்கைச் சுருட்டிவிடும். மறுபடி ஆட வேண்டுமென்றால் வெளியே போய்ப் பொறுக்கிக் கொண்டுவரச் சொல்லும்: ஐந்து கல், மூன்று விதமான இலை, அந்த மாதிரி. கொண்டுவந்தார்களா என்று நாட்டாமை பார்த்துக்கொள்வார்.

வாட்ஸ்அப்பில் கேட்கும் நண்பர்களுக்கு: பழைய லேப்டாப் ஏதாவது வீட்டில் தூங்கினால் அதில் ஜிகாம்ப்ரியும் டக்ஸ் பெயின்டும் போடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூப்பிடுங்கள். ஒரே பிள்ளைதான் என்றால் நீங்கள் மவுஸைப் பிடியுங்கள், பிள்ளை சொல்வதை மட்டும் செய்யுங்கள். தப்பாகச் சொன்னால் தப்பாகவே செய்யுங்கள். திருத்தாதீர்கள். அது உங்களை விரட்டி வேலை வாங்கும் அழகைப் பார்க்கலாம்.

எனக்கு இப்போது பிடிபடாமல் நிற்பது ஸ்மார்ட் வகுப்பறை. சுவரில் பெரிய திரை, எதிரே இருபத்தைந்து பிள்ளைகள். ஒருத்தர் தொட, மற்றவர் கைகட்டிப் பார்க்க, நாலு பேர் பிரச்சினை இருபத்தைந்து பேர் பிரச்சினையாகிவிட்டது. கடைக்காரர் ஒருவர், வாங்க வருபவர் ஒருவர், மீதி அத்தனை பேரும் சிலேட்டோடு கணக்குப்பிள்ளை என்று வைத்துப் பார்த்தேன். சத்தம் தாங்க முடியவில்லை, பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாட்டாமையை மட்டும் மூன்று பேராக்கி, மூவரும் ஒத்தால்தான் "விரி" என்று வைத்தால் அடங்குமா என்று அடுத்த வாரம் பார்க்க வேண்டும். பஞ்சாயத்து கூடுவதற்கு ஒரு மணிச் சத்தம் தேவைப்படுகிறது. கோயில் மணி வேண்டாம், பள்ளிக்கூட மணி அடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள்.